கையொப்பம் வரவில்லை, பெயர் மாறிவிட்டது, சிவப்புக் கோடு தெரியவில்லை: மின்னஞ்சல் கோளாறுகளைக் களையும் வழி

மின்னஞ்சலில் கையொப்பம் அமைப்பது ஐந்து நிமிட வேலை. வைத்த கையொப்பம் ஏன் போகவில்லை என்று தேடுவதுதான் அரைநாளைத் தின்றுவிடும். நான் பார்த்துக்கொடுத்த வரையில், மென்பொருள் நிஜமாகவே பழுதாகிப் போனது அபூர்வம். ஓர் இடத்தில் செய்த மாற்றம் இன்னோர் இடத்துக்குப் போகவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். கையொப்பம் உங்கள் முகவரியோடு ஒட்டிக்கொண்டு எல்லா இடத்துக்கும் வரும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. இணையத்தில் திறக்கும் ஜிமெயிலுக்கு ஒன்று, கைபேசிச் செயலிக்கு ஒன்று, கணினியில் நிறுவும் தண்டர்பேர்டு போன்ற மின்னஞ்சல் மென்பொருளுக்கு ஒன்று என்று தனித்தனியாகக் குடியிருக்கிறது. எழுத்துப்பிழை திருத்தியும் அப்படித்தான்.

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். வேறு நிறுவனத்தில் உங்களுக்கு இன்னொரு மின்னஞ்சல் முகவரி இருந்தால் அதற்கு மூன்று மடல்கள் அனுப்புங்கள்: கணினியிலிருந்து புதிய மடல் ஒன்று, வந்த மடலுக்குப் பதில் ஒன்று, கைபேசியிலிருந்து ஒன்று. பிறகு அந்த இன்னொரு கணக்கைத் திறந்து பாருங்கள். எழுதும் பெட்டியில் தெரிவதும் பெறுபவருக்குத் தெரிவதும் ஒன்றல்ல. 'அனுப்பியவை' பகுதியைப் பார்த்து முடிவுக்கு வருவதும் தவறு. மூன்றில் எது சரியாக வந்தது, எது வரவில்லை என்று தெரிந்துவிட்டால், கீழே எந்தப் பகுதியைப் படிக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

"கையொப்பம் உருவாக்கிவிட்டேன். ஆனால் எந்த மடலிலும் வரவில்லை"

ஜிமெயிலில் இதற்கு இரண்டு காரணங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.

முதலாவது, 'சேவ் சேஞ்சஸ்' பொத்தான். அமைப்புகளில் 'ஜெனரல்' பக்கத்தின் நடுவில் கையொப்பப் பெட்டி இருக்கிறது. பொத்தானோ பக்கத்தின் அடியில் இருக்கிறது. எழுதி முடித்ததும் வேறு பக்கத்துக்குப் போய்விட்டால் எழுதியது காற்றோடு போச்சு.

இரண்டாவது இன்னும் நுட்பமானது. ஜிமெயிலில் ஒன்றுக்கு மேற்பட்ட கையொப்பங்களை வைத்துக்கொள்ளலாம். அதனால் கையொப்பத்தை உருவாக்குவது ஒரு வேலை, அதை இயல்பாக வரும்படி தேர்ந்தெடுப்பது இன்னொரு வேலை. பெட்டிக்குக் கீழே 'சிக்னேச்சர் டிஃபால்ட்ஸ்' என்ற இடத்தில் இரண்டு பட்டியல்கள் இருக்கும்: புதிய மடல்களுக்கு எது, பதில்களுக்கும் முன்னனுப்பும் மடல்களுக்கும் எது. இரண்டிலும் 'நோ சிக்னேச்சர்' என்று இருந்தால், நீங்கள் எவ்வளவு அழகாக எழுதி வைத்திருந்தாலும் அது அலமாரியில்தான் கிடக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட முகவரிகளிலிருந்து அனுப்புகிறவர்கள் மேலே உள்ள முகவரிப் பட்டியலையும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு முகவரிக்கும் இந்தத் தேர்வு தனி.

ஆப்பிள் மெயிலிலும் கதை இதேதான். கையொப்பங்கள் பக்கத்தில் இடப்புறம் கணக்குகள், நடுவில் கையொப்பங்களின் பெயர்கள். 'ஆல் சிக்னேச்சர்ஸ்' என்பதன் கீழ் உருவாக்கியதை உரிய கணக்கின் மேல் இழுத்துவிட்டால்தான் அந்தக் கணக்குக்கு அது சொந்தமாகும். பிறகு அடியில் உள்ள 'சூஸ் சிக்னேச்சர்' பட்டியலிலும் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அவுட்லுக்கில் முதலில் உங்களிடம் இருப்பது பழையதா, புதியதா என்று பாருங்கள். மேலே இடது ஓரத்தில் 'ஃபைல்' என்ற பட்டி இருந்தால் பழையது: 'ஃபைல்', 'ஆப்ஷன்ஸ்', 'மெயில்', 'சிக்னேச்சர்ஸ்' என்று போக வேண்டும். புதியதில் அமைப்புகளுக்குள் 'அக்கவுண்ட்ஸ்', அதற்குள் 'சிக்னேச்சர்ஸ்'. புது மடலுக்கும் பதிலுக்கும் தனித்தனித் தேர்வு என்பது இரண்டிலும் உண்டு.

"புது மடலில் வருகிறது, பதிலில் காணோம்"

மேலே சொன்ன இரண்டாவது பட்டியலைத் தேர்ந்தெடுக்காமல் விட்டிருப்பீர்கள். தண்டர்பேர்டு என்றால் கணக்கு அமைப்புகளில் 'காம்போசிஷன் அண்ட் அட்ரஸிங்' பக்கத்தில், பதில்களிலும் கையொப்பம் சேர்க்கச் சொல்லும் தேர்வுப்பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள்.

அதையெல்லாம் செய்த பிறகும் காணவில்லை என்றால், அது இருக்கிறது, உங்கள் கண்ணில் படவில்லை என்று பொருள். ஜிமெயில் வழக்கமாகப் பதிலின் கையொப்பத்தை மேற்கோளாக வரும் பழைய மடலுக்கும் கீழே கொண்டுபோய் வைக்கிறது. நீண்ட உரையாடல் என்றால் பாதாளத்தில் இருக்கும். கையொப்பப் பகுதியிலேயே, மேற்கோளுக்கு முன்னால் வைக்கவும் அதற்கு முன்வரும் இரண்டு சிறுகோடுகளை நீக்கவும் சொல்லும் தேர்வு ஒன்று இருக்கிறது. அதை டிக் செய்யுங்கள். இன்னொன்று: ஒரே உரையாடலில் திரும்பத் திரும்ப வரும் பகுதிகளை ஜிமெயில் மூன்று புள்ளிகளுக்குள் மடித்துவிடும். உங்கள் கையொப்பமும் அதில் சேர்த்தி. புள்ளிகளைத் தட்டினால் வெளியே வரும். பழுது ஒன்றும் இல்லை.

அந்த இரண்டு சிறுகோடுகள் எதற்கு என்று பலர் கேட்பதுண்டு. இரண்டு சிறுகோடு, ஒரு இடைவெளி, அதோடு வரி முடிவு. இதற்குப் பிறகு வருவது கையொப்பம் என்று மென்பொருளுக்குச் சொல்லும் அடையாளம் அது. 2004இல் வந்த ஆர்எஃப்சி 3676 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணத்தில் இந்த வழக்கம் பதிவாகியிருக்கிறது. தண்டர்பேர்டு போன்றவை இதைப் பார்த்துக் கையொப்பத்தை மங்கலாகக் காட்டும். பதில் எழுதும்போது மேற்கோளிலிருந்து கழற்றியும் விடும். ஆக, அது அழுக்கு அல்ல. மடல் குழுக்களில் எழுதுகிறவர்கள் விட்டுவைப்பது நல்லது. மற்றவர்கள் நீக்கினால் ஒன்றும் குடிமுழுகாது.

"கணினியில் சரி, கைபேசியில் வேறு ஏதோ வருகிறது"

ஜிமெயில் செயலியில் கணக்கு அமைப்புகளுக்குள் கைபேசிக்கென்று தனிக் கையொப்பம் உண்டு. அது வெறும் எழுத்து. நிறமும் படமும் ஏறாது. ஐபோனின் மெயில் செயலியில் 'சென்ட் ஃப்ரம் மை ஐபோன்' என்று முன்பே எழுதி வைத்திருப்பார்கள். மெயில் அமைப்புகளில் 'சிக்னேச்சர்' என்ற வரியைத் தட்டினால் எல்லாக் கணக்குக்கும் ஒன்றா, கணக்குக்கு ஒன்றா என்று தேர்ந்தெடுக்கலாம். கைபேசியில் பெயர், ஒரு தொலைபேசி எண், அவ்வளவு போதும் என்பது என் கட்சி.

"இரண்டு முறை வருகிறது" அல்லது "நான் எழுதாத பத்தி வருகிறது"

டெம்ப்ளேட், அதாவது திரும்பத் திரும்ப அனுப்பச் சேமித்து வைக்கும் மாதிரி மடல், பயன்படுத்துகிறவரா நீங்கள்? அப்படியானால் காரணம் அங்கேதான். ஜிமெயிலில் ஒரு வரைவை டெம்ப்ளேட்டாகச் சேமிக்கும்போது அதன் அடியில் இருக்கும் கையொப்பமும் உள்ளே போய்விடும். அடுத்த முறை அந்த டெம்ப்ளேட்டை எடுத்தால், அதிலுள்ள கையொப்பம் ஒன்று, புதிதாக வந்தது ஒன்று. கையொப்பத்தை அழித்துவிட்டு, பழைய டெம்ப்ளேட்டின் மேலேயே திரும்பச் சேமியுங்கள்.

'அன்புடன்' மட்டும் இரண்டு முறை வந்தால் அது கைப்பழக்கம். கையொப்பத்தில் 'அன்புடன்' என்று எழுதி வைத்திருப்போம். விரலோ பழக்கத்தில் இன்னொன்றை அடித்துவிடும். கையொப்பத்திலிருந்து அதை எடுத்துவிடுவது உத்தமம். எல்லோருக்கும் அன்புடன் என்று முடிக்க முடியாது. சிலருக்குப் பணிவுடன், சிலருக்கு வெறும் நன்றி.

மடலின் அடியில் 'இது ரகசியமானது, தவறாக வந்திருந்தால் அழித்துவிடவும்' என்கிற மாதிரி ஒரு பத்தி வருகிறது, எழுதும்போது அது தெரியவில்லை, பெறுபவருக்கு மட்டும் தெரிகிறது என்றால் அது நிறுவனத்தின் மின்னஞ்சல் வழங்கி ஒட்டுவது. உங்கள் அமைப்புகளில் தேடிப் பயனில்லை. அமைப்பை நிர்வகிப்பவரிடம் கேட்க வேண்டும். சில வைரஸ் தடுப்பு மென்பொருள்களும் தங்கள் விளம்பர வரியை இப்படிச் சேர்க்கும். அதை அந்த மென்பொருளின் அமைப்புகளில் நிறுத்தலாம்.

"சின்னம் தெரியவில்லை, உடைந்த பெட்டி தெரிகிறது"

கையொப்பத்தில் படம் வைக்கக் கேட்டால் வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். யாரும் கேட்பதில்லை. சரி, வைத்தாகிவிட்டது, எங்கே உடைகிறது என்று பார்ப்போம்.

படம் மடலுக்குள் இரண்டு வழியில் வரலாம். இணையத்தில் எங்கோ இருக்கும் படத்தின் முகவரியை மட்டும் மடல் சுமந்துபோவது ஒன்று. படத்தையே மடலுக்குள் பொதிந்து அனுப்புவது இன்னொன்று. இரண்டுக்கும் கோளாறுகள் வேறு வேறு.

முகவரி வழியில் வருவதாக இருந்தால், அந்த முகவரியை உலகில் யார் வேண்டுமானாலும் திறக்க முடிய வேண்டும். கூகுள் டிரைவில் வைத்த படத்தைப் பகிராமல் விட்டால், உங்கள் கணக்கில் நுழைந்திருக்கும் உங்களுக்கு மட்டும் அது ஜம்மென்று தெரியும். மற்றவர்களுக்கு வெறும் பெட்டி. நீங்கள் எத்தனை முறை சோதித்தாலும் உங்களுக்குச் சரியாகவே தெரிவதுதான் இதில் உள்ள சங்கடம். உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் படத்தின் முகவரியைத் திறந்து பாருங்கள், உடனே தெரிந்துவிடும். உங்கள் கணினியின் கோப்புறையைச் சுட்டும் படமும் அப்படியே. உங்கள் வன்தட்டு அடுத்தவர் வீட்டில் இல்லையே. முகவரி சரியாக இருந்தும் அவுட்லுக்கில் படம் வரவில்லை என்றால், அது வெளியிலிருந்து வரும் படங்களை இயல்பாகவே தடுத்து வைக்கும் என்பதை நினைவில் வையுங்கள். பெறுபவர் 'படங்களைக் காட்டு' என்று சொன்னால்தான் வரும். ஜிமெயில் 2013 முதல் படங்களைத் தன் சொந்த வழங்கி வழியாக எடுத்துக் காட்டுவதால், அங்கே இந்தத் தொல்லை குறைவு.

பொதிந்து அனுப்பினால் தடை இல்லை. பதிலுக்கு வேறு தலைவலி: சில செயலிகளில் அது இணைப்புக் கோப்பாகத் தெரியும். ஒவ்வொரு மடலிலும் காகித ஊக்குப் படம் இருந்தால், நிஜமாகவே கோப்பு அனுப்பிய நாளில் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள்.

படம் வருகிறது, ஆனால் பூதாகரமாக வருகிறது என்றால் பெரிய படத்தை இழுத்துச் சுருக்கி வைத்திருப்பீர்கள். விண்டோஸின் பழைய அவுட்லுக், 2007 பதிப்பிலிருந்து, மடல்களை உலாவியைப் போலக் காட்டாமல் வேர்டின் இயந்திரத்தை வைத்துக் காட்டுகிறது. இணையப் பக்கத்தில் செல்லுபடியாகும் பல அலங்காரங்கள் அங்கே எடுபடாது. எந்த அளவில் தெரிய வேண்டுமோ அந்த அளவிலேயே படத்தை வெட்டிச் சேமித்து, பிறகு நுழையுங்கள்.

கறுப்பு எழுத்துச் சின்னம், ஒளிபுகும் பின்னணி என்று வைத்திருப்பவர்கள் இருண்ட திரையில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இருளில் கரைந்துபோயிருக்கும். சின்னத்துக்கு ஒரு மெல்லிய வெள்ளை விளிம்பு போதும்.

'கையொப்பம் மிக நீளம்' என்று ஜிமெயில் அடம்பிடித்தால்? அதன் எல்லை 10,000 எழுத்துகள். நாலு வரிதானே எழுதினேன் என்பீர்கள். வேர்டிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது கண்ணுக்குத் தெரியாத வடிவமைப்புக் குறிகள் மூட்டை மூட்டையாகக் கூடவே வரும். கணக்கில் அவையும் சேரும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, கண்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தி வெறும் எழுத்தாக ஒட்டுங்கள். தடிமனும் நிறமும் அங்கேயே கொடுத்துக்கொள்ளலாம். நாலு வரி என்றதும் ஞாபகம் வருகிறது: 1995இல் வெளியான ஆர்எஃப்சி 1855 என்ற இணைய நடத்தைக் கையேடு, கையொப்பம் நாலு வரிக்கு மிகாமல் இருக்கட்டும் என்கிறது. இன்றைக்கும் அது நல்ல அளவுகோல்தான்.

"நிறம், தடித்த எழுத்து, சுட்டி எல்லாம் போய் மொட்டையாக வருகிறது"

மடல் வெறும் எழுத்து வடிவத்தில் போகிறது. உங்களுக்கு வந்த மடல் வெறும் எழுத்தாக இருந்தால் அவுட்லுக் பதிலையும் அதே வடிவில் தொடங்கும். வடிவமைப்புப் பட்டியில் எச்டிஎம்எல் (நிறமும் சுட்டியும் ஏற்கும் வடிவம்) என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஜிமெயிலில் எழுதும் பெட்டியின் மூன்று புள்ளிப் பட்டியலில் 'பிளெயின் டெக்ஸ்ட் மோட்' என்பதை ஒருமுறை தொட்டுவிட்டால் அது அடுத்த மடலுக்கும் தொடரும். அந்த டிக்கை எடுக்க வேண்டும். தண்டர்பேர்டில் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு 'எழுது' அல்லது 'பதில்' பொத்தானைச் சொடுக்கினால் அந்த ஒரு மடலுக்கு மட்டும் வடிவம் மாறும். அதே தண்டர்பேர்டில், கையொப்பத்தில் சாய்வுக்கோடும் அடைப்புக்குறியுமாகக் குறிகள் அப்படியே தெரிந்தால், கணக்கு அமைப்புகளில் கையொப்பப் பெட்டிக்கு மேலே இருக்கும் 'யூஸ் எச்டிஎம்எல்' டிக் விடுபட்டிருக்கிறது.

"தமிழில் எழுதிய கையொப்பம் அடுத்தவருக்குக் குப்பையாகத் தெரிகிறது"

குப்பை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். ஒரு திரைப்பிடி வாங்குங்கள். அதன் தோற்றமே காரணத்தைச் சொல்லிவிடும்.

அரைப்புள்ளிகள் நடுநடுவே வரும் ஆங்கில எழுத்துக் குவியல் என்றால், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருக்கிறீர்கள். அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் உருவத்தை வரைந்து வைத்தவை. 'வணக்கம்' என்று நீங்கள் அடித்தது, பாமினி இல்லாத கணினியில் டி, இசட், எஃப் என்று தொடங்கும். எழுத்துருவை மாற்றிப் பயனில்லை. எழுத்துகளையே ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்ற வேண்டும். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகள் இதைச் செய்யும். நாலு வரிக்கு மாற்றி எதற்கு, திரும்ப அடித்துவிடலாம்.

தலையில் சிறு கோடு போட்ட 'ஏ', அடுத்து வட்டத்துக்குள் 'ஆர்', அப்புறம் ஏதோ ஒன்று, இப்படியே திரும்பத் திரும்ப வருகிறதா? அது ஒருங்குறித் தமிழ்தான். வாசிக்கும் மென்பொருள் தவறான குறியாக்கத்தில், அதாவது எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் வேறொரு முறையில், வாசிக்கிறது. ஒருங்குறிக்கு வழக்கமான குறியாக்கமான யுடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகள் பிடிக்கும். தமிழ்ப் பகுதி முழுவதும் ஒரே பைட்டில் தொடங்குவதால், அதைப் பழைய மேற்கத்தியக் குறியாக்கமாக வாசிக்கும்போது அதே 'ஏ' வந்துகொண்டே இருக்கும். கையொப்பத்தைத் தனிக் கோப்பில் வைத்துத் தண்டர்பேர்டில் இணைக்கிறவர்கள் இதில் அடிக்கடி மாட்டுவார்கள். கோப்பை நோட்பேடில் திறந்து 'சேவ் ஆஸ்' போய், அடியில் உள்ள குறியாக்கப் பட்டியலில் யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். எச்டிஎம்எல் கோப்பாக இருந்தால் அதன் தலைப்பகுதியிலும் குறியாக்கத்தைச் சொல்லிவிடுங்கள்.

எல்லாமே கேள்விக்குறி என்றால் விஷயம் கைமீறிவிட்டது. சேமிக்கும்போதே தமிழ் அழிந்திருக்கிறது. திரும்பக் கிடைக்காது, புதிதாக எழுத வேண்டும். காலிக் கட்டங்கள் என்றால் எழுத்துகள் பத்திரமாக இருக்கின்றன, அந்தக் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை. கையொப்பத்துக்கு லதா, நிர்மலா என்று எழுத்துருவை வற்புறுத்தாமல் இயல்புக்கு விட்டுவிட்டால் அவரவர் கருவியில் உள்ள தமிழ் எழுத்துரு வந்து நிற்கும்.

"வணக்கம் வரி தவறான இடத்தில் வருகிறது" அல்லது "தவறான ஆளுக்குப் போகிறது"

ஒவ்வொரு மடலிலும் வணக்கம் அடிக்கச் சோம்பல்பட்டு, அதைக் கையொப்பத்தின் முதல் வரியாக வைத்துவிடுவது ஒரு பழைய தந்திரம். மேலே வணக்கம், நடுவில் காலி இடம், கீழே பெயர். புது மடலில் நன்றாக வேலை செய்யும். பதிலில் வணக்கம் மேற்கோளுக்குக் கீழே போய் உட்காரும், இரண்டு சிறுகோடுகளும் அதன் தலைக்கு மேல் வரும். இந்தத் தந்திரம் வேண்டும் என்றால் இரண்டு கையொப்பங்கள் செய்யுங்கள். வணக்கம் உள்ளதைப் புது மடலுக்கும், இல்லாததைப் பதிலுக்கும் தேர்ந்தெடுங்கள். அதைவிட டெம்ப்ளேட் மேல். ஜிமெயிலில் 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் டெம்ப்ளேட்டை முதலில் இயக்கிவிட வேண்டும். இயக்காதவரை எழுதும் பெட்டியில் அது கண்ணிலேயே படாது. அவுட்லுக்கின் பழைய பதிப்பில் 'குயிக் பார்ட்ஸ்' இதே வேலையைச் செய்யும்.

டெம்ப்ளேட்டில் ஒரு பொறி இருக்கிறது. நான் விழுந்திருக்கிறேன். ஒருவருக்கு அனுப்பிய மடலை அப்படியே டெம்ப்ளேட்டாக்கி, அடுத்தவருக்கு அனுப்பும்போது பெயரை மாற்ற மறந்து, மரியாதைக்குரிய பெரியவர் ஒருவருக்கு 'வணக்கம் தம்பி' என்று போய்விட்டது. பெரிய மனது, 'வணக்கம் அண்ணா' என்று பதில் எழுதினார். அன்றிலிருந்து என் டெம்ப்ளேட்டுகளில் பெயர் வரும் இடத்தில் மூன்று கேள்விக்குறிகள்தான் இருக்கும். மறந்து அனுப்பினாலும் வேறொருவர் பெயராவது போகாது. அதோடு, பெறுநர் முகவரியைக் கடைசியில்தான் நிரப்புவேன். முகவரி இல்லாத மடல் தவறுதலாகக் கிளம்பாது.

மொத்தமாக அனுப்பும்போது 'வணக்கம்' என்பதற்குப் பிறகு ஒன்றுமே இல்லாமல் காற்புள்ளி மட்டும் வந்தால், உங்கள் பட்டியலில் அந்த ஆளின் பெயர்க்கட்டம் காலி. ஆளின் பெயருக்குப் பதில் நெளிவு அடைப்புக்குறிக்குள் புலத்தின் (பட்டியல் கட்டத்தின்) பெயரே போய்விட்டால், பட்டியலின் தலைப்பும் மடலில் உள்ள புலப்பெயரும் பொருந்தவில்லை. ஓர் எழுத்தோ ஓர் இடைவெளியோ கூடுதலாக இருக்கும். அனுப்புவதற்கு முன் பட்டியலின் முதல் ஆளாக உங்களையே போட்டு ஒன்று அனுப்பிப் பாருங்கள்.

"தப்பாக எழுதினாலும் சிவப்புக் கோடு வருவதில்லை"

ஜிமெயிலில் பிழை பார்ப்பவர்கள் இருவர்: ஜிமெயில் ஒருவர், உலாவி இன்னொருவர். 'ஜெனரல்' பக்கத்தில் எழுத்துப்பிழை, இலக்கணம், தானாகத் திருத்துதல் மூன்றுக்கும் தனித்தனிப் பொத்தான்கள் உண்டு. அவை இயங்கியும் கோடு வரவில்லை என்றால் உலாவியின் மொழி அமைப்புகளுக்குப் போங்கள். குரோமில் அடிப்படைத் திருத்தம், மேம்பட்ட திருத்தம் என்று இரண்டு வகை. மேம்பட்டதைத் தேர்ந்தால் நீங்கள் தட்டுவது கூகுளுக்குப் போய்த்தான் திருத்தப்படும். ரகசியக் கடிதங்கள் எழுதுகிறவர்கள் அடிப்படையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அவுட்லுக்கின் பழைய பதிப்பில் எஃப்7 விசையை அழுத்திப் பாருங்கள். சோதனை முடிந்தது என்று சட்டென்று சொல்லிவிட்டால், அந்தப் பத்தி 'சோதிக்க வேண்டாம்' என்று குறிக்கப்பட்டிருக்கும், அல்லது வேறு மொழியாகக் குறிக்கப்பட்டிருக்கும். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, 'ரிவ்யூ' பட்டியில் மொழியைச் சரியாக அமைத்து, 'டோண்ட் செக் ஸ்பெல்லிங்' டிக்கை எடுத்துவிடுங்கள். வேறெங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டிய பத்தி அந்தக் குறியைக் கூடவே கொண்டுவரும். முழுப் பெரிய எழுத்தில் அடித்த ஆங்கிலச் சொற்களையும், எண் கலந்த சொற்களையும் அவுட்லுக் கண்டுகொள்ளாமல் விடுவதும் உண்டு. தலைப்புகளில் பிழை தப்பிப்பது அதனால்தான். 'ப்ரூஃபிங்' பக்கத்தில் மாற்றலாம்.

அனுப்பும் முன் கட்டாயம் சோதிக்கச் சொல்லும் தேர்வு அவுட்லுக்கிலும் தண்டர்பேர்டிலும் இருக்கிறது. அதோடு, பதிலில் பழைய மடலின் பகுதியைச் சோதிக்க வேண்டாம் என்பதையும் அவுட்லுக்கில் டிக் செய்யுங்கள். அடுத்தவர் பிழையை நாம் எதற்குத் திருத்த வேண்டும்?

"தமிழில் எழுதினால் எல்லாச் சொல்லுக்கும் சிவப்புக் கோடு"

இரண்டு நிலைகள். ஒரு சொல் விடாமல் அத்தனையும் சிவப்பு என்றால் தமிழை ஆங்கில அகராதி சோதிக்கிறது. குரோமின் மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்து, பிழைதிருத்தத்திலும் இயக்குங்கள். ஃபயர்பாக்ஸ், தண்டர்பேர்டு இரண்டுக்கும் அகராதியைத் தனியாக நிறுவ வேண்டும்.

தமிழ் அகராதி வந்த பிறகும் பாதிச் சொற்கள் சிவப்பாகவே இருந்தால், அது உங்கள் தவறல்ல. இந்த உலாவிகள் பயன்படுத்தும் ஹன்ஸ்பெல் என்ற பிழைதிருத்தி, அடிப்படையில் சொற்பட்டியலையும் ஒட்டு விதிகளையும் வைத்து இயங்குவது. தமிழோ ஒரே சொல்லில் வாக்கியத்தையே அடக்கிவிடும். 'வந்துகொண்டிருந்தவர்களுக்காகவும்' என்பது பிழையில்லாத சொல். எந்தப் பட்டியலில் போய்த் தேடுவது? வேற்றுமை உருபு, காலம், 'உம்', 'ஆவது', புணர்ச்சி என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும்போது சொற்களின் எண்ணிக்கைக்கு முடிவே இல்லை. நீண்ட சொல் சிவந்தால் பதற வேண்டாம். குறுகிய சொல் சிவந்தால் நின்று பாருங்கள். முக்கியமான மடல் என்றால் எழுத்துப்பிழைக்கு வாணி, ஒற்று மிகும் மிகா இடங்களுக்கு நாவி என்று தமிழுக்கென்றே நீச்சல்காரன் உருவாக்கிய கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. அங்கே ஒட்டிப் பார்த்துவிட்டு எடுத்துவரலாம்.

சரியாக எழுதிய சிறு சொல்லும் சிவக்கிறதா? கண்ணுக்கு ஒன்றாகவும் கணினிக்கு வேறாகவும் இருக்கும் எழுத்துகளைச் சந்தேகியுங்கள். துணைக்கால் வரவேண்டிய இடத்தில் 'ர', 'ஔ' என்ற ஒரே எழுத்துக்குப் பதில் 'ஒ', 'ள' என்ற இரண்டு, 'எ' இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எண் ஏழு. பிடிஎஃப்-இலிருந்து நகலெடுத்த தமிழில் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும். அகலமே இல்லாத இணைப்பு முறிப்புக் குறி சொல்லுக்குள் ஒளிந்திருப்பதும் உண்டு. உற்றுப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சொல்லை முழுவதும் அழித்துவிட்டுத் திரும்ப அடியுங்கள். கோடு போய்விட்டால் காரணம் இதுதான்.

சிவக்காத பிழைகள்தான் உண்மையான ஆபத்து. 'பணி நியமனம்' கேட்டு எழுதியவர் 'பனி நியமனம்' கேட்டிருப்பார். 'பனி' அகராதியில் இருக்கிறது, திருத்தி வாயைத் திறக்காது. அறை, அரை, கறி, கரி, மணம், மனம். இந்த ஜோடிகளுக்கு உங்கள் கண்தான் துணை. ஆங்கிலத்தில் எழுதினாலும் இதே கதை. 'மேனேஜர்' என்ற சொல்லில் ஓர் எழுத்து விழுந்தால் மாட்டுத்தொட்டி ஆகிவிடும், அதுவும் அகராதியில் உள்ள சொல்தான்.

"ஒரு குறிப்பிட்ட பிழையை மட்டும் விட்டுவிடுகிறது"

எப்போதோ அவசரத்தில் அந்தப் பிழையையே 'அகராதியில் சேர்' என்று சொல்லியிருப்பீர்கள். குரோமில் பிழைதிருத்த அமைப்புகளுக்குள் நீங்கள் சேர்த்த சொற்களின் பட்டியல் இருக்கிறது. அவுட்லுக்கில் 'கஸ்டம் டிக்ஷனரீஸ்'. தண்டர்பேர்டில் உங்கள் சுயவிவரக் கோப்புறையில் 'பெர்ஸ்டிக்ட்' என்ற சிறிய எழுத்துக் கோப்பு. தவறானதை நீக்குங்கள். பட்டியலை முழுவதும் படித்தால் நம் அவசரங்களின் வரலாறே இருக்கும்.

"பெயரைத் தானாக மாற்றிவிடுகிறது"

ஆங்கிலத்தில் அடிக்கும் தமிழ்ப் பெயர்களைக் கைபேசி விசைப்பலகை ஏதாவது ஆங்கிலச் சொல்லாக்கிவிடும். தானாகத் திருத்துவதை முழுவதும் நிறுத்துவதற்கு முன், அடிக்கடி எழுதும் பெயர்களை விசைப்பலகையின் தனி அகராதியில் சேருங்கள். கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டில் 'டிக்ஷனரி', ஐபோனில் 'டெக்ஸ்ட் ரீப்ளேஸ்மென்ட்'. அதே இடத்தில் 'வவ' என்று அடித்தால் 'வணக்கம், நலமா?' என்று விரியும்படியும் வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. கையொப்பம் எழுதும் பெட்டியைப் பிழைதிருத்தி கவனிக்கும் என்று நம்பாதீர்கள். கையொப்பத்தை முதலில் ஒரு வரைவு மடலில் எழுதி, சோதித்து, பிறகு கொண்டுபோய் ஒட்டுங்கள். அதிலுள்ள தொலைபேசி எண்ணை உங்கள் கைபேசியில் தட்டி அழைத்தும் பாருங்கள். என் கையொப்பத்தில் ஓர் இலக்கம் குறைந்த எண் இரண்டு மாதம் போய்க்கொண்டிருந்தது. யாருமே அழைப்பதில்லையே, வேலை எல்லாம் மடலிலேயே முடிந்துவிடுகிறது என்று மகிழ்ச்சியாக இருந்தேன்.